ராசாத்திக்கு ஊசி

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சலவை அறையில், நனைந்த படுக்கை விரிப்புகளைக் கூடையோடு தூக்கக் குனிந்தபோது இடுப்பில் 'சடக்' என்றது. பெரிய வலி என்று சொல்ல முடியாது. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கதிரையில் இருந்தேன். கூட வேலை செய்தவள் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று பின்னேரம் எங்கள் வீடு இருந்த த்ரீ கிங்ஸில் பேருந்தை விட்டு இறங்கும்போது இடது கால் என் சொல்லைக் கேட்கவில்லை. ஏழு நிமிடத்தில் நடக்கிற தூரத்தை அரை மணித்தியாலத்தில் நடந்து வீடு சேர்ந்தேன்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓக்லாந்தில் நடந்தது. இதே வலியோடு இப்போது எங்கேயோ மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஐந்து மாதத்தில் எனக்கு இரண்டு வருத்தம், இரண்டு நோய். ஒன்று முள்ளந்தண்டில். மற்றது பொறாமை. அதுவும் ஒரு நாயின் மேல். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

குடும்ப வைத்தியர் காலைத் தூக்கிப் பார்த்தார், ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். பெருவிரலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் தட்டு) விலகி நரம்பை நெரிக்கிறது என்றார். அதனால் வருவது சயாட்டிக்கா (இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடும் பெரிய நரம்பின் வழியே இறங்கும் வலி). பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்க்கப் பெயர் கொடுத்தார்கள். முறை வர மாதக்கணக்கில் ஆகலாம், பலருக்கு அதற்குள் தானாகவே சரிவந்துவிடும் என்றார்கள். குளிசைகளும், ஒரு தாளில் பத்து உடற்பயிற்சிப் படங்களும் தந்தார்கள். படத்தில் இருந்த பெண் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்தாள். அவளையும் எனக்குப் பிடிக்கவில்லை.

படுக்கையறைக் கட்டில் மெத்தை குழிந்துபோயிருந்ததால், வரவேற்பறைத் தரையில் ஒரு மெல்லிய மெத்தையைப் போட்டு அதில் படுத்தேன். முதல் நாள் என் கணவர் அன்ரன் என்னைக் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இழுத்துத் தூக்கக் கூடாது என்று வைத்தியரும் அன்ரனை எச்சரித்தார். அன்றோடு அன்ரன் என்னைத் தொடுவதை விட்டுவிட்டார். பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பின்னேர வேலை. போவதற்கு முன் குளிசையும் தண்ணீரும் என் தலைமாட்டில் வைப்பார்.

"இஞ்சேரும், குளிசை எடுத்தாச்சோ?"

"ம்."

"நோ எப்பிடி?"

"ஒண்டுமில்லை."

இதுதான் எங்கள் பேச்சு. யாழ்ப்பாணத்து ஆண்கள் பலரைப் போல அவரும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இஞ்சேரும்' என்றால் அது நான். எப்போதும் அப்படி இருக்கவில்லை. கலியாணம் முடித்த கையோடு அவர் மூன்று வருடம் சவூதியில் வேலை செய்தார். அங்கிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும் 'என்ர ராசாத்திக்கு' என்றுதான் தொடங்கும். என் பெயர் யசிந்தா. ராசாத்தி என்று ஒருத்தி இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரியும். நியூசிலாந்துக்கு வந்து, மகள் ஷர்மி வளர வளர, அந்தப் பெயர் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. நானும் தேடவில்லை.

இனி நாயின் கதை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவளே நான்தான் என்பதை மறைக்கப் போவதில்லை. முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, தன் நாயை வைத்துக்கொள்ள அங்கே விடவில்லை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதார். மனம் கேட்காமல் நான் கூட்டி வந்தேன். நீண்ட உடம்பு, குட்டைக் கால், பழுப்பு நிறம். பெயர் டச்சஸ். கோமகள் என்று அர்த்தம். நடையும் அப்படித்தான். வந்த மறுநாளே அன்ரனின் கதிரையில் ஏறிப் படுத்துக்கொண்டது.

நான் படுக்கையில் விழுந்து மூன்றாவது மாதம், நல்ல குளிர்காலத்தில், ஒரு காலை டச்சஸ் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு குசினி அடுப்படியிலிருந்து வந்தது. அன்ரனும் ஷர்மியும் அதை அள்ளிக்கொண்டு பக்கத்து மிருக வைத்தியரிடம் ஓடினார்கள். திரும்பி வந்த ஷர்மி வாசலிலிருந்தே கத்தினாள்.

"அம்மா, இட்ஸ் எ டிஸ்க்! எக்ஸாக்ட்லி யுவர் திங்!"

ஏதோ எங்கள் இருவருக்கும் பரிசு விழுந்த மாதிரி. அன்ரன் சப்பாத்தைக் கழற்றினார். சத்திரசிகிச்சை செய்யலாம், நாயின் வயதுக்கு உறுதி சொல்ல முடியாது. அல்லது ஆறு வாரம் அசையாமல் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் கால் வராவிட்டால் வலியில்லாமல் நிரந்தரமாக நித்திரையாக்கிவிடுவதே நல்லது என்று வைத்தியர் சொன்னாராம். ஆறு வாரம் என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

என் மெத்தைக்குப் பக்கத்தில் நாய்க்கும் ஒரு படுக்கை போட்டார்கள். அங்கே எரிவாயு ஹீட்டர் ஒன்றுதான். அதுவரை என் கால்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஹீட்டர், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நாயைப் பார்க்கத் தொடங்கியது. எனக்குப் பக்கெற் சூப். நாய்க்கு எலும்பு நீக்கிய கோழி, விரலால் பிய்த்து, சூடு ஆற ஊதி. குளிக்கிற துவாயை வயிற்றுக்குக் கீழே கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அன்ரன் அதோடு தோட்டத்தில் அடி அடியாக நடப்பார். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். என்னோடு அவர் கடைசியாக எப்போது நடந்தார் என்று யோசிப்பேன். ஞாபகம் வராது.

அதைவிடச் சுட்டது அவர் கதைத்த விதம். எங்கள் ஊரில் செல்லம் கூடினால் சின்னப் பிள்ளையை 'நீங்கள்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் நாயை அப்படித்தான் கூப்பிட்டார்.

"நோகுதோ குஞ்சு? எங்கை நோகுது உங்களுக்கு?"

எனக்கு 'நீர்'. நாய்க்கு 'நீங்கள்'. ஒரே அறை, ஒரே வருத்தம், ஒரே ஹீட்டர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். திரும்ப நாலு நிமிடம் எடுக்கும், ஆனாலும் திரும்புவேன். ஒருநாள் ஷர்மி பள்ளிக்கூடத்தால் வந்து, "ஷீ லுக்ஸ் ஸோ ஸாட்" என்றாள். பரவாயில்லை பிள்ளை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, அவள் என்னைத் தாண்டிப் போய் நாயின் தலையைத் தடவினாள்.

அடுத்த வாரமே அன்ரன் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு வியாழக்கிழமை போனார். "நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டு வாறன்" என்றார். அதற்கடுத்த வியாழனும் அதே சொல். தடுப்பூசியாக்கும், வலிக்கு மருந்தாக்கும் என்று நினைத்து நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் பொறாமை வெளியே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டில் நான் மட்டும். தொலைபேசி அடித்தது. எழும்பிப் போவதற்குள் பதில் இயந்திரம் எடுத்துவிட்டது. இளம் பெண் குரல், ஆங்கிலத்தில்:

"ஹலோ, பாபகூரா கிளினிக்கிலிருந்து கூப்பிடுகிறேன். ரா-சா-டிக்கு வியாழன் பத்தரைக்கு அக்குபங்சர். ஞாபகப்படுத்தத்தான். காலைச் சாப்பாடு கொஞ்சமாகக் கொடுங்கள். வருவதற்கு முன் வெளியே ஒரு சின்ன நடை நடக்க விடுங்கள். வியாழன் சந்திப்போம்."

அக்குபங்சர் (உடலின் குறித்த இடங்களில் மெல்லிய ஊசிகளைக் குத்தி வைக்கும் சீன வைத்தியம்) பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் ஒருவர் அதனால் தோள் வலி போனது என்பார். ஆனால் என் காதில் விழுந்தது அந்தச் சொல்லில்லை. ராசாத்தி. பதினாறு வருடத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் வாயில் உருக்குலைந்து, அந்த இயந்திரத்தில் கிடந்தது. நாடாவைத் திருப்பித் திருப்பி மூன்று தரம் கேட்டேன். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்து, சொல்லாமல் எனக்கு இடம் பிடித்திருக்கிறார். பெயர் கேட்டிருப்பார்கள். அவருக்கு அதுதான் வந்திருக்கிறது. அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது, நன்றாக அழுதேன்.

அவர் வந்து செய்தியைக் கேட்டார். கலண்டரில் 'வியாழன் 10.30' என்று எழுதினார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அவர் சொல்லும்வரை காத்திருப்பதும் ஒரு சுகமாக இருந்தது.

வியாழன் காலை அரைத் துண்டு பாண் சாப்பிட்டேன். கைத்தடியைப் பிடித்துக்கொண்டு தபால் பெட்டி வரை ஒரு சின்ன நடை நடந்து வந்தேன். மாதக்கணக்கில் தொடாத நல்ல சேலையைக் கட்டி, ஒன்பதரைக்குக் காரின் முன் ஆசனத்தில் ஏறி இருந்தேன். அன்ரன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர் திகைத்து நின்றார்.

"நீரும் வாறீரோ?"

"வராமல்?"

"அப்ப நல்லது. காத்துப் பட்டாலே பாதி சுகம்."

நாயைப் பின் ஆசனத்தில் கிடத்தினார். தனியே விட ஏலாது என்பதால் கொண்டுவருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று அதன் மேல்கூட எனக்கு இரக்கமாக இருந்தது. தெற்கு நெடுஞ்சாலை முழுக்க ஒவ்வொரு குலுக்கலும் காலில் மின்னல் அடித்தது. நான் மூச்சுக் காட்டவில்லை.

பாபகூராவில் கட்டடத்தின் பின்பக்கம் காரை நிறுத்தி, பின் கதவால் உள்ளே கூட்டிப் போனார். காத்திருக்கும் அறையில் ஒருவர் கூடைக்குள் பூனையோடு இருந்தார். இந்த ஊர்க்காரர் பூனையை விட்டுவிட்டு ஓரிடமும் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். சுவரில் நாய்களின் பல்வரிசை பற்றி ஒரு படம். அதையும் பார்த்தேன். பார்த்தும் விளங்காதவளாக இருந்தேன். மனம் ஒன்றை விரும்பினால் கண் என்ன செய்யும்?

ஒரு பெண் கதவைத் திறந்து, கையிலிருந்த அட்டையைப் பார்த்து, "ரா-சா-டி?" என்றாள்.

நான் எழும்பி நின்றேன்.

எனக்குப் பக்கத்தில் அன்ரனும் எழும்பி நின்றார், கையில் நாயோடு. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ! யூ மஸ்ட் பி ரா-சா-டீஸ் மம்!"

பூனைக்காரரும் சிரித்தார். நான் என்ன செய்தேன் என்றால், ஆமென்று தலையாட்டினேன்.

உள்ளே ஹெலன் என்ற வைத்தியர், ஐம்பது வயதிருக்கும், தரையில் கம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு நாயை மடிக்கு எதிரே கிடத்தினார். இரண்டு விரலை முள்ளந்தண்டின் இரு பக்கமும் வைத்து, கழுத்திலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். ஓரிடத்தில் நாயின் தோல் துடித்தது, காது பின்னே போனது. "இதோ, இங்கே என்கிறாள்" என்றார். தலைமயிர் அளவு மெல்லிய ஊசிகள். ஒவ்வொன்றையும் தட்டி இறக்கினார். இரத்தம் வரவில்லை, சத்தமும் வரவில்லை. முட்டை அவிக்கிற மணிக்கூட்டை இருபது நிமிடத்துக்குத் திருகி வைத்தார். முதுகு முழுக்க ஊசியோடு அந்தக் கழுதை அன்ரனின் உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டு குறட்டை விட்டது.

இதனால் நடக்குமா என்று வைத்தியரிடம் கேட்டேன். "சிலது நடந்திருக்கிறது. ஓய்வினாலா ஊசியினாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். வலி குறைகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது" என்றார். நேர்மையான பதில்தான். எனக்கும் ஒன்று குத்தி விடுங்களேன் என்றேன். அவர் சிரித்து, "எல்லா மிருகத்துக்கும் எனக்கு அனுமதி உண்டு, உங்களைத் தவிர" என்றார்.

திரும்பும் வழியில் ரயில் கடவையில் சிவப்பு விளக்கு விழுந்து, மணி அடிக்கத் தொடங்கியது. அன்ரன் காரை நிறுத்தினார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எத்தினை கிழமையா நடக்குது உது?"

"மூண்டு. ஊசி போடப் போறன் எண்டு சொன்னனான்தானே."

"ஊசி எண்டால் மருந்தூசி எண்டெல்லோ நினைச்சன்."

"இதுவும் ஊசிதானே. விபரமாச் சொன்னா நீர் சண்டைக்கு வருவீர்."

"அதை விடுங்கோ. உந்தப் பேரை ஏன் நாய்க்கு வைச்சனீங்கள்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டச்சஸ் எண்டால் எங்கட பாசையில ராசாத்திதானே. செல்லமாக் கூப்பிடுற பேர் என்னெண்டு டொக்டர் கேட்டா. அப்பிடிக் கூப்பிட்டா அது பயப்பிடாது எண்டு. எனக்கு வாயில வந்தது அது ஒண்டுதான்."

"எனக்கு ஒரு நாளும் வரேல்லையே."

"கன காலமாச் சொல்லாமல் விட்டாச்சு. பிள்ளையும் வளந்திட்டாள். வெக்கமாக் கிடந்தது." பிறகு, "நீர் வருத்தத்தில விழுந்தாப் பிறகு, நோகுதோ எண்டு கேட்டா ஒண்டுமில்லை எண்டுறீர். தொட்டால் கத்துறீர். ஒண்டுமில்லாத ஆளுக்கு நான் என்னத்தைச் செய்யிறது? அது பாவம், தொட்ட இடத்தில சொல்லுது" என்றார்.

ரயில் கடந்து போனது. விளக்கு அணைந்து கார் நகர்ந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்டு கவனிச்சனீரோ? அந்தப் பிள்ளை பேர் சொன்னவுடனை நீர் கதிரையைப் பிடிக்காமல் எழும்பினீர்."

இல்லை என்று மறுத்தேன். ஆனால் உண்மை. நாலு மாதத்தில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் ஹெலன் காட்டியபடி நாயின் முதுகைப் பெருவிரலால் அழுத்தி விட அவர் மண்டியிட்டார். நான் பக்கத்து மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "எனக்கும்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது. அவர் விரல் கழுத்திலிருந்து கீழே கீழே வந்தது.

"நோகுதோ?"

ஒண்டுமில்லை என்று நாக்கு உருண்டது. அடக்கிக்கொண்டேன்.

"ஓம். அதிலைதான். நல்லா நோகுது."

"இவ்வளவு கீழையோ?"

"இன்னும் கீழை போனா வால் வரும் எண்டு பாக்கிறீங்களோ?" என்றேன். அவர் சிரித்ததில் நாயும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டச்சஸ் ஐந்தாவது வாரம் எழும்பி நின்றது, ஆறாவது வாரம் நடந்தது. நான் அப்போதும் கைத்தடியோடு. அது என்னைத் தாண்டி ஓடியபோது மறுபடியும் வயிறு எரிந்தது. மனிதருக்குக் குத்துகிற ஒரு சீன வைத்தியரிடம் நானும் நாலு தடவை போனேன். நித்திரை வந்தது, வலி கொஞ்சம் இறங்கியது. வசந்தத்தில் ஆஸ்பத்திரி முறை வந்தபோது, நரம்பு தானாகத் தேறுகிறது, வெட்டத் தேவையில்லை என்றார்கள். எது என்னைச் சுகமாக்கியது என்று எனக்குத் தெரியாது. பின்னேர வேலையை அன்ரன் காலை வேலையாக மாற்றிக்கொண்டதும், பொழுதுபடும் நேரத்தில் மணிக்கூடு திருகி வைத்து எங்கள் இருவருக்கும் இருபது இருபது நிமிடம் முதுகு பிடித்ததும் எனக்குத் தெரியும். முதலில் நாய்க்குத்தான். அதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

என் இடது கால் பெருவிரல் இன்றும் மரத்தே இருக்கிறது. செருப்பு கழன்றால் தெரியாது, திரும்பி வந்து தேட வேண்டும். கதிரையை விட்டு எழும்புவதற்கு முன் உடம்பிடம் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. முன்பு ஒரு நாளை மணித்தியாலக் கணக்கில் பார்த்தேன். இப்போது எத்தனை தரம் எழும்ப வேண்டும் என்று பார்க்கிறேன்.

டச்சஸ் இன்னும் சில வருடம் இருந்து, வயதாகி, தன் படுக்கையிலேயே போனது. தோட்டத்து எலுமிச்சைக்குக் கீழே வைத்தோம். அன்ரன் பல வாரம் ஒன்றும் கதைக்கவில்லை. செத்த நாயின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. நான் போனால் இவ்வளவு துக்கம் காப்பாரா என்று அளந்து பார்த்தேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம், நான் வரவேற்பறைக் கதிரையில் இருந்தேன். குசினியிலிருந்து குரல் வந்தது.

"ராசாத்தி!"

நான் அசையவில்லை. பழக்கத்தில் நாயைக் கூப்பிட்டுவிட்டார், இப்போது நினைவு வந்து உடைந்துபோய் நிற்பார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவர் வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு கோப்பைத் தேநீர்.

"உம்மைத்தான் கூப்பிட்டனான். வாரும், வெளியில வெயில் நல்லாக் கிடக்கு."

எழும்ப எனக்கு இப்போது நேரம் எடுக்கும். அவர் காத்துக்கொண்டு நின்றார்.